மற்றவர் பார்க்கும் திரை எது?

ஒரு கணினியோடு இரண்டு திரைகளை இணைத்து வேலை செய்பவர்கள் யாழ்ப்பாணத்தில் இன்று அரிதானவர்கள் அல்லர். பத்திரிகைப் பக்கங்களை வடிவமைப்பவர், கலியாண வீடியோ தொகுப்பவர், கோயில் திருவிழாவை ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் நேரலையாக அனுப்பும் இளைஞர், வகுப்பறைச் சுவரில் பாடத்தைப் படமாக விழுத்தும் ஆசிரியர்... இவர்கள் எல்லோரும் இரண்டு திரைக்காரர்களே. நம் பாடசாலைகளில் புரொஜெக்டருக்கு 'மல்ரிமீடியா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "மல்ரிமீடியா கொழுவியாச்சோ?" என்று அதிபர் கேட்கும்போது அவர் கேட்பது இரண்டாவது மொனிற்றர் ஒன்றைப் பற்றித்தான். கணினிக்குச் சுவர் என்றும் மேசை என்றும் பேதமில்லை.

இவர்கள் அனைவருக்கும் திரையை இணைத்த அந்த நொடியில் எழும் கேள்வி ஒன்றே. நான் பார்ப்பது எது? மற்றவர் பார்ப்பது எது?

கணினியின் திரை அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்தக் கேள்வி அங்கே இல்லை. இரண்டு சதுரங்கள், அவற்றுக்குள் 1, 2 என்று இலக்கங்கள், கீழே நாலைந்து ஒற்றைச் சொற்கள், அதற்கும் கீழே 1920, 1080, 60 ஹேர்ட்ஸ் என்று எண்கள். கணினிக்குத் தேவையான தகவல்கள் எல்லாம் கேட்கப்பட்டிருக்கின்றன. கணினிக்கு முன்னால் இருக்கும் மனிதருக்குத் தேவையான ஒன்று மட்டும் கேட்கப்படவில்லை. என் வழக்கு இதுதான். ஒரு பொத்தானின் பெயருக்காக இவ்வளவு சினமா என்று கேட்பவர்கள் இரண்டு பந்தி பொறுத்திருக்க வேண்டுகிறேன்.

முதலில் சிறிது வரலாறு. ஒரே மேசைத்தளத்தைப் பல திரைகளில் பரப்பும் வசதியைச் சாதாரணப் பாவனையாளருக்கு எளிதாக்கியது அப்பிள் நிறுவனம். 1987இல் வந்த மக்கின்ரோஷ் 2 கணினியில், திரைகளைக் குறிக்கும் சிறு சதுரங்களைச் சுட்டியால் இழுத்து, மேசையில் அவை எப்படி இருக்கின்றனவோ அப்படியே அடுக்கலாம். எந்தத் திரை பிரதானமானது என்று சொல்ல, மெனுப் பட்டையின் சிறு உருவத்தை ஒரு சதுரத்திலிருந்து மற்றதற்கு இழுத்து விட்டால் போதும். சொல்லே தேவைப்படவில்லை! பதினொரு ஆண்டு கழித்து, 1998இல், மைக்ரோசொப்ட் விண்டோஸ் 98 மூலம் அதே வழிக்கு வந்தது. ஒன்பது திரைகள் வரை இணைக்கலாம் என்றது. அங்கேயும் இலக்கமிட்ட சதுரங்கள்தான். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 'எனது விண்டோஸ் மேசைத்தளத்தை இந்த மொனிற்றருக்கும் நீட்டு' என்ற பொருளில் முழு வாக்கியம் ஒன்றே அதில் எழுதப்பட்டிருந்தது. வாசித்தால் விளங்கும். லினக்ஸ்காரரின் பாடு வேறு. எக்ஸ் சாளர முறைமையின் அமைப்புக் கோப்பைக் கையால் திருத்தி, பிழைத்தால் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் 2007ஆம் ஆண்டை ஒட்டித்தான் மெல்ல முடிவுக்கு வந்தது.

2009இல் விண்டோஸ் 7 'விண்டோஸ்' விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தும் குறுக்குவழியைத் தந்தது. நல்ல காரியம். ஆனால் விண்டோஸ் 98இன் முழு வாக்கியம் அதில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது: எக்ஸ்ரென்ட், டுப்ளிக்கேற். அந்தப் பட்டியலில் 'புரொஜெக்டர் மட்டும்' என்று ஒரு தெரிவு இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது உடனே விளங்கும். அடுத்த பதிப்பில் அதையும் 'இரண்டாம் திரை மட்டும்' என்று மாற்றினார்கள். எனக்கு இரண்டாவது எது, கணினிக்கு இரண்டாவது எது? தெளிவாக இருந்ததைக் கலக்கிய இந்தத் திருத்தத்துக்கு எவர் கைதட்டினாரோ, தெரியவில்லை.

நிற்க. இந்தக் குழப்பத்தின் விலை என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு மண்டபத்தில் ஊடகப் பயிலரங்கு ஒன்று நடந்தது. மண்டபத்தின் பெயரோ, உரை நிகழ்த்திய இளைஞரின் பெயரோ இங்கே தேவையில்லை. அவர் தம் மடிக்கணினியில் வயரைச் செருகினார். மறுகணம் அவருடைய மின்னஞ்சல் பெட்டி எட்டடி அகலத்தில் சுவரில் விரிந்தது. யார் அனுப்பியது, எதைப் பற்றியது, எப்போது என்பதெல்லாம் கடைசி வரிசையில் இருந்தவருக்கும் தெளிவாகத் தெரிந்தது. அவர் பதறிப்போய் எதையோ அழுத்தினார், சுவர் வெறுமையானது. இன்னொன்றை அழுத்தினார், பெட்டி மீண்டும் வந்தது. ஏறத்தாழ அரை நிமிடம். முன்வரிசையில் இருந்த இரண்டொருவர் நாகரிகமாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்னால் இருந்தவர்கள் குனியவில்லை.

அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் அவருக்குச் செய்தி தந்தவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் இது வெட்கத்தோடு போய்விடும். இந்த ஊரில்? 2000 ஒக்ரோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டில் எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைக் கொன்றார்கள். 2013 ஏப்ரல் 13ஆம் திகதி அதே பத்திரிகையின் அச்சியந்திரத்துக்குத் தீ வைக்கப்பட்டது. இவற்றுக்கும் கணினித் திரைக்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மண்ணில் பத்திரிகைத் தொழில் பழகியவன் எவனும், தன் மேசையில் கிடக்கும் தாளை யார் பார்க்கிறார் என்பதைச் சின்ன விடயமாகக் கருதியதில்லை. வெளியார் அறைக்குள் வந்தால் கையெழுத்துப் பிரதியைக் கவிழ்த்து வைப்பது எங்களுக்குப் பழக்கம். கணினியில் அதற்குச் சமமான கைவினை எது? வயரைச் செருகுவதற்கு முன் எல்லாவற்றையும் மூடு என்பதுதான் இன்றைய விடை. அதாவது, மனிதன் இயந்திரத்துக்கு அஞ்சி ஒழுக வேண்டும்!

பத்திரிகைக்காரரை விடுங்கள். மாணவரின் புள்ளிப் பட்டியலைத் திறந்து வைத்திருக்கும் ஆசிரியருக்கும், நோயாளரின் அறிக்கையைத் திறந்து வைத்திருக்கும் வைத்தியருக்கும் இதே நிலைதான்.

வயர் செருகப்பட்டதும் எதைக் காட்டுவது என்பதில் கணினிகள் ஒருமித்து நடப்பதுமில்லை. சில, இரண்டு திரையிலும் ஒன்றையே காட்டும். சில, இரண்டையும் ஒரே நீண்ட மேசையாக்கும். சில, முன்பு ஒருநாள் அதே திரையோடு என்ன செய்தோமோ அதை நினைவில் வைத்துக் கேளாமலே செய்துவிடும். என்ன நடக்கப் போகிறது என்பது நடந்த பிறகே தெரியும்.

மைக்ரோசொப்டுக்கு இந்த ஆபத்து தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2018இல் விண்டோஸ் 10இல் ஒரு வசதி சேர்த்தார்கள்: ஒரே காட்சி இரண்டு திரைகளிலும் தெரியும்போது, புதிய அஞ்சல் வந்தது, செய்தி வந்தது என்னும் அறிவித்தல்கள் தாமாக அடங்கிவிடும். யாரோ ஒருவர் சபையில் கூச்சப்பட்டிருக்க வேண்டும், நல்லது. ஆனால் அந்த யோசனை பாதி வழியில் நின்றுவிட்டது. புதிதாக வரும் அஞ்சலை மறைக்கத் தெரிந்த கணினிக்கு, ஏற்கனவே திறந்திருக்கும் பெட்டியை மறைக்கத் தெரியாதா?

அந்தச் சதுரங்களுக்கு வருவோம். அவை எதைக் குறிக்கின்றன? திரையின் அளவை என்று நினைப்பீர்கள். இல்லை, பெரும்பாலும் புள்ளிகளின் எண்ணிக்கையையே. பதினான்கு அங்குல மடிக்கணினியும் இருபத்துநாலு அங்குல மொனிற்றரும் 1920க்கு 1080 என்றால், படத்தில் இரண்டும் சமமான சதுரங்களே. பழைய புரொஜெக்டருக்குப் புள்ளி குறைவு. ஆகவே எட்டடி அகலச் சுவர் மடிக்கணினியை விடச் சிறிய சதுரமாகத் தெரியும். இதைப் பார்த்து ஒருவர் எப்படித் தம் மேசையை அடையாளம் காண்பார்? ஒரே அளவில், ஒரே வகையில், ஒரே நாளில் வாங்கிய இரண்டு திரைகளுக்கு முன்னால் இருந்தவர்கள்தான் இந்தப் படத்தை வரைந்திருப்பார்கள். நம்மூரில் இரண்டாவது மொனிற்றர் என்பது, அண்ணன் புதிது வாங்கியதால் தம்பிக்கு வந்தது. ஒன்று உயரம், மற்றது கட்டை. சுட்டியை ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்த்தினால் நடுவிலே கண்ணுக்குத் தெரியாத மதிலில் முட்டி நிற்கும். ஏன் நிற்கிறது என்று கேட்டு என்னிடம் வந்தவர்கள் பலர்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், வேண்டிய தகவல் கணினியின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மொனிற்றரும் இணைக்கப்பட்டவுடன் தன்னைப் பற்றிய ஒரு சிறு குறிப்பைக் கணினிக்கு அனுப்புகிறது. 'ஈடிஐடி' என்று அதற்குப் பெயர். 1994இலிருந்து உள்ள நியமம். உற்பத்தியாளர் யார், மாதிரி எது என்பவற்றோடு, திரையின் அகலமும் உயரமும் எத்தனை சென்ரிமீற்றர் என்பதும் அதில் இருக்கும். புரொஜெக்டருக்கோ நிலையான அளவு கிடையாது. எனவே அந்த இடத்தில் பூச்சியம் இடலாம் என்று அதே நியமம் சொல்கிறது. எல்லாப் புரொஜெக்டரும் ஒழுங்காகப் பூச்சியம் அனுப்புவதில்லை என்பது உண்மையே. ஆயினும் பூச்சியம் வந்தால், 'இது சுவரில் விழும் திரை. எதிரே சபை இருக்கக்கூடும்' என்று ஊகிக்க ஒரு கணினிக்குப் பெரிய ஞானம் தேவையா? 'ஹேர்ட்ஸ்' எத்தனை என்று கேட்கத் தெரிந்தவர்கள், சபை இருக்கிறதா என்று கேட்கவில்லை.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990 தொடக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேல் தேசிய மின்வலையமைப்போடு தொடர்பற்றுக் கிடந்த குடாநாடு இது. தொடர்பு வந்த பின்னும் 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் இருட்டில் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிறிய அலுவலகங்களில் யூ.பி.எஸ். கணினிப் பெட்டிக்கும் ஒரு மொனிற்றருக்குமே தாங்கும். மின்சாரம் நின்றதும் இரண்டாவது மொனிற்றர் இருண்டுவிடும். பழைய வி.ஜி.ஏ. வயரில் அந்த மொனிற்றர் அணைந்தது கணினிக்குத் தெரியாது. சுட்டி அந்த இருட்டுக்குள் போய்த் தொலையும், திறந்திருந்த பக்கம் அங்கேயே கிடக்கும். புதிய வயர்கள் சிலவற்றில் மறுபாடு: திரை அணைந்ததும் எல்லாச் சாளரங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக மற்றத் திரைக்குப் பாய்ந்துவிடும், மின்சாரம் வந்தால் திரும்பிப் போக மாட்டா. எந்தச் சாளரம் எந்தத் திரையில் இருந்தது என்பதை நினைவில் வைக்க விண்டோஸ் 2021 வரை, பதினோராம் பதிப்பு வரும் வரை எடுத்தது. 'இருண்ட திரையில் உள்ளவற்றை இங்கே கொண்டு வா' என்று ஒரு பொத்தான் வைக்க அவர்களுக்கு இன்னும் தோன்றவில்லை. அங்கே விளக்கு அணைவதில்லை போலும்.

சரி, நம் வீட்டுக் குற்றத்துக்கு வருவோம். தமிழ்.

ஆங்கிலத்தின் அந்த ஒற்றைச் சொற்களை அகராதியை வைத்துத் தமிழாக்கினால் என்ன கிடைக்கும்? 'டிஸ்பிளே' என்பது 'காட்சி' ஆகும். நமக்குக் காட்சி என்றால் நாடகத்தில் வருவது. 'எக்ஸ்ரென்ட்' என்பது 'விரிவாக்கு' ஆகும். எழுத்தைப் பெரிதாக்குவது என்றுதான் எவரும் கொள்வர். 'டுப்ளிக்கேற்' என்பது 'நகல்' ஆகும். சென்னையில் நகல் என்றால் பிரதி. நாமோ சட்டமூலத்தின் முதல் வரைவை நகல் என்று எழுதிப் பழகியவர்கள். 'முதன்மைக் காட்சி', 'நகல் காட்சி', 'விரிவாக்கிய காட்சி' என்று மூன்று வரியை வாசிப்பவர், இது கணினியா, திரைப்படக் கொட்டகையா என்று ஐயுறுவார். பிறகு மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வார். 'தமிழிலே பாவிக்க ஆளில்லை' என்ற புள்ளிவிபரம் இப்படித்தான் பிறக்கிறது.

மொழிபெயர்த்தவர்களை நான் ஏச வரவில்லை. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகெங்கும் சிதறியிருந்த தன்னார்வலர்கள் கே.டி.ஈ., குனோம் ஆகிய லினக்ஸ் மேசைத்தளங்களைச் சம்பளமின்றித் தமிழாக்கினார்கள். அவர்கள் கையில் கிடைத்தது திரை அல்ல, சொற்பட்டியல். ஆயிரக்கணக்கான வரிகள், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி. 'டிஸ்பிளே' என்று ஒரு வரி வந்தால், அது காட்டு என்னும் வினையா, திரை என்னும் பெயரா என்று சொல்ல அருகில் எவருமில்லை. 'றைற்' என்று வந்தால் அது வலப்பக்கமா, சரியா, உரிமையா? பத்திரிகையில் தலையங்கத்தை ஒருவரிடமும் செய்தியை இன்னொருவரிடமும் கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டாமல் மொழிபெயர்க்கச் சொன்னால் என்ன வரும்? அதுதான் வந்தது. ஏச வேண்டியது, இருபது ஆண்டுக்கு மேல் ஆன பின்னும் அந்த முறையை அப்படியே வைத்துக்கொண்டு, 'தமிழ் உண்டு' என்று பட்டியலில் ஒரு வரி சேர்த்துப் பெருமைப்படுபவர்களை.

ஆங்கிலக் கட்டளைச் சொல்லுக்குத் தமிழ்க் கட்டளைச் சொல் தேடுவதை விட்டு, தமிழில் ஒருவர் அருகிலிருந்து கேட்டால் எப்படிக் கேட்பார் என்று எழுத வேண்டும். 'இரண்டிலும் ஒன்றே தெரியட்டும்.' 'இரண்டும் சேர்ந்து ஒரே மேசை ஆகட்டும்.' 'இந்தத் திரை மட்டும்.' 'அந்தத் திரை மட்டும்.' எந்த அகராதியும் வேண்டாம். இதில் விளங்காதது எது?

இந்த இடத்தில் ஒரு சிறு ஆசை. அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்துகள் என இலக்கணம் படித்திருக்கிறோம். உகரச் சுட்டு மற்ற இடங்களில் பேச்சிலிருந்து மறைந்துவிட, யாழ்ப்பாணத்தில் அது இன்றும் உயிரோடு உலவுகிறது. என் அருகில் இருப்பது இது. இருவருக்கும் தூரத்தில் இருப்பது அது. உமக்கு அருகில் இருப்பது உது. இந்தத் திரை நான் பார்ப்பது. உந்தத் திரை நீங்கள், எதிரே இருப்பவர்கள், பார்ப்பது. ஒன்று, இரண்டு என்ற இலக்கங்களால் முப்பது ஆண்டுகளாகச் சொல்ல முடியாததை எங்கள் அம்மாமார் ஓர் எழுத்தால் சொல்லிவிடுகிறார்கள்! கோயம்புத்தூர்க்காரருக்கு இது விளங்காது; எனவே வற்புறுத்தவில்லை. ஆனால் வேறுபாடு மொழிக்குள்ளேயே இருக்கும்போது, அதைக் கேட்க மறந்த ஒரு வடிவமைப்பை நாம் ஏன் வாய்மூடி ஏற்க வேண்டும்?

என் கோரிக்கை நீளமானதல்ல. புதிய திரை ஒன்று கொழுவப்பட்டால், அதில் எதையும் காட்டாமல் வெறுமையாக வைத்துவிட்டுக் கணினி கேட்க வேண்டும்: 'இதை யார் பார்ப்பார்கள்? நான் மட்டுமா, மற்றவர்களுமா?' மற்றவர்களும் என்றால்: 'நான் பார்ப்பதையே அவர்களும் பார்க்கலாமா, நான் தெரிந்து அனுப்புவதை மட்டுமா?' நான் மட்டும் என்றால்: 'அது உங்களுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா, மேலேயா?' அவ்வளவுதான். ஹேர்ட்சும் புள்ளிக் கணக்கும் வேண்டியவர் தேடிப் போகும் அடுத்த பக்கத்தில் இருக்கட்டும். மாற்றிய அமைப்பைப் பதினைந்து நொடிக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும் விண்டோசின் ஏற்பாடு அருமையானது. அதில் கை வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் கேட்டால் எரிச்சல் வராதா என்பார்கள். வரும். வீட்டு மேசையில் நிற்கும் மொனிற்றரை ஒருமுறை கேட்டு நினைவில் வைத்தால் போதும். சுவரில் விழும் திரைக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்கட்டும். ஏனெனில் அங்கே சபை ஒவ்வொரு முறையும் வேறு.

'விண்டோசும் பியும் சேர்த்து அழுத்தத் தெரியாதவன் ஏன் கணினி தொடுகிறான்?' என்று நம்மூர்த் தொழில்நுட்பப் பிள்ளைகள் சிலர் சிரிப்பதை அறிவேன். தம்பிமாரே, அந்த விசைகளை அறிந்தவர் ஒருவர் கூட்டத்துக்குக் கூட்டம் ஓடி வந்து கொழுவித் தர வேண்டியிருப்பதுதான் அந்தப் பக்கம் தோற்றதற்குச் சாட்சி. பல மண்டபங்களில் புரொஜெக்டர் மேசையின் ஓரத்தில் எந்த விசையை எத்தனை தரம் அழுத்துவது என்று பேனையால் எழுதிய கடதாசி ஒட்டியிருக்கிறது. தமிழில்தான் எழுதியிருக்கிறது, எல்லோருக்கும் விளங்குகிறது. எழுதியவர் எந்தக் கலைச்சொல் அகராதியையும் புரட்டவில்லை.

மைக்ரோசொப்டும் அப்பிளும் யாழ்ப்பாணத்துக் கிழவன் ஒருவனின் பேச்சைக் கேட்கப் போவதில்லை. கே.டி.ஈ.யின் நிரலோ எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. புதிய திரை இணைந்ததும் என்ன செய்வது என்று அது ஒரு சிறு பட்டியலைக் காட்டிக் கேட்கவும் செய்கிறது. இடப்பக்கம் நீட்டுவதா, வலப்பக்கம் நீட்டுவதா என்ற தெரிவும் அதில் உண்டு. நான் கேட்பதற்கு மிக அருகில் வந்திருப்பது அதுதான். அந்தப் பட்டியலின் சில வரிகளை நல்ல தமிழாக்கவும், 'மற்றவர்களும் பார்ப்பார்களா?' என்ற ஒரு கேள்வியை அதன் தலையில் சேர்க்கவும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கணினி மாணவர் நாலு பேர் போதும். ஆனால் அறைக்குள் இருந்து சொற்பட்டியலைப் பார்த்து எழுத வேண்டாம். ஒரு பாடசாலைக்குப் போய், மல்ரிமீடியாவைக் கொழுவி, கணினி அறியாத ஓர் ஆசிரியரை முன்னால் இருத்தி, அவர் என்ன கேட்கிறார் என்று காது கொடுத்துவிட்டு எழுதுங்கள். வயர் நான் கொண்டு வருகிறேன்.